சென்னை வெக்கையில ஆறு வருஷம் சுருட்டு வச்சிருந்த அனுபவம்

சுருட்டு வாங்குறது பெரிய விஷயமே இல்லைங்க, வாங்கினதைக் கெடாம வச்சிருக்கிறதுதான் பாடு. ஆறு வருஷமா வீட்ல நிகராகுவா, கியூபா சிகார் கொஞ்சம், நம்ம உறையூர் சுருட்டு கொஞ்சம்னு வச்சிருக்கேன். ஆரம்பத்துல வெளிநாட்டுக்காரங்க சொன்னதை அப்படியே கேட்டு ஹ்யூமிடர்னு சொல்ற, சுருட்டோட ஈரத்தைக் காக்குற மரப்பொட்டி வாங்கி, தண்ணி ஊத்தி, 70 சதவீத ஈரப்பதம் வரணும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அவங்க ஊர்க் குளிர்ல காத்து காஞ்சு கெடக்கும், அவங்களுக்கு அது சரி. நமக்கு சுருட்டு காயுறது பிரச்சனை இல்ல, ஊறிப்போறதும் வெக்கையும்தான் பிரச்சனை. இது புரியவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

ரெண்டாவது மே மாசம் பத்து நாள் ஊருக்குப் போயிட்டு வந்து பொட்டியைத் திறந்தா, சுருட்டு மேல குண்டூசியால குத்தினாப்ல ஓட்டை, அடியில காப்பித்தூள் மாதிரி பொடி. புகையிலை வண்டு. முட்டை இலையிலயே இருந்திருக்கு, ஏசி ஓடாத ரூம்ல சூடு ஏறினதும் பொரிச்சிருச்சு. 25ல 11 போச்சு, மனசே ஆறல. அதுல இருந்து எது வாங்கினாலும் ஜிப் கவர்ல காத்து போகாம போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒரு நாள், ஃப்ரீசர்ல மூணு நாள், திரும்ப ஃப்ரிட்ஜ்ல ஒரு நாள், அப்புறம்தான் வெளிய. நேரா வெளிய எடுத்தா மேல் இலை வெடிச்சிரும்.

அடுத்தது ஈரம் காட்டுற மீட்டர். அதை நம்பாதீங்க, முதல்ல உப்பு டெஸ்ட் பண்ணுங்க. பாட்டில் மூடியில சாப்பாட்டு உப்பு, சேறு மாதிரி ஆகுற அளவுக்கு ரெண்டு மூணு சொட்டு தண்ணி, மீட்டரோட சேத்து கவர்ல போட்டு ஒரு நாள் மூடி வச்சா சரியா 75 காட்டணும். என்னுது 69 காட்டுச்சு, அதாவது 70னு நான் நம்புன பொட்டி நெசமா 76ல இருந்திருக்கு. மழைக்காலத்துல பூஞ்சை ஏன் வந்துச்சுன்னு அப்பத்தான் தெரிஞ்சது.

இப்ப மரப்பொட்டி இல்ல. ரப்பர் வச்ச காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள சீடர் மரப் பலகைத் துண்டு, ஈரப்பதத்தை 65 சதவீதத்துல நிறுத்துற போவேடா கம்பெனி பாக்கெட் ஒண்ணு, அவ்வளவுதான். அந்தப் பாக்கெட் ஈரத்தைக் குடுக்கவும் செய்யும் இழுக்கவும் செய்யும், நம்மூருக்கு அதுதான் வேணும். கல்லு மாதிரி இறுகினா மாத்திரணும்.

பிடிக்குறதுக்கு முந்தின நாள் எடுத்து வெளிய வைனு சொல்லுவாங்க. நவம்பர்ல சென்னையில வெளிய வச்சா இன்னும் ஊறும். ஏசி ரூம்ல காலி சீடர் பொட்டியில ஒரு ராத்திரி வைங்க. காலையில ரெண்டு விரலால லேசா அமுக்கிப் பாருங்க, அமுங்கி திரும்ப எழும்பினா சரியான பதம், மொறுமொறுன்னா காஞ்சது, சொதசொதன்னா ஊறினது.

வெட்டும்போது தலைப்பக்க மூடி இலை முடியுற கோடு தெரியும், அதைத் தாண்டாம ரெண்டு மில்லிமீட்டர் போதும், தாண்டினா இலை பிரிஞ்சிரும். பத்த வைக்க கேஸ் லைட்டர் இல்லன்னா தீக்குச்சி, மருந்து எரிஞ்சு முடியட்டும். பெட்ரோல் லைட்டர் வேணவே வேணாம், வாயெல்லாம் அந்த வாடைதான். நெருப்பு படாம சுத்தி சுத்தி ஓரத்தை சூடாக்கி, சிவந்தப்புறம் இழுங்க, நிமிஷத்துக்கு ஒரு தடவை. வேகமா இழுத்தா கசந்திரும். புகையை நெஞ்சுக்குள்ள விடக்கூடாது, அப்படியும் வாய்ப்புற்று ஆபத்து இருக்கத்தான் செய்யுது, அதனால மாசம் ரெண்டுக்கு மேல நான் தொடுறதில்ல.

உறையூர் சுருட்டை மட்டும் தனி டப்பாவுல வைங்க, அதோட நெடி மத்ததுல ஏறிரும். அதுக்கு ரெண்டு பக்கமும் வெட்டியே வரும், கட்டர் வேணாம். வாங்கின அன்னிக்கே பிடிச்சா தொண்டையைக் கிழிக்கும், 65ல ரெண்டு மாசம் கெடந்தா காரம் அடங்கி மண்வாசம் மாதிரி ஒண்ணு மேல வரும். ஜனவரியில வாங்கின கட்டு ஒண்ணு அப்படியே இருக்கு, தீபாவளிக்குத்தான் பிரிக்கணும்.