கோடாக்ஸ் எஸ்எல் 60 டபிள்யூ: நெல்லைச் சீமையில் பாட்டு எடுக்க இந்த ஒரு விளக்கு போதுமா?

சொந்தமாகப் பாட்டு வீடியோ எடுக்கக் கிளம்புகிறவர்கள் பலரும் முதலில் விசாரிக்கும் விளக்கு இது. 60 வாட் எல்இடி, 5600 கெல்வின் (பகல் வெளிச்சத்தின் நிறம்), சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு, 100-க்கு) 95-க்கு மேல், முன்னால் போவன்ஸ் மவுண்ட் என்னும் பொதுவான மாட்டும் வளையம். அந்த மவுண்ட் இருப்பதால், போவன்ஸுக்கென்று செய்த எந்தக் கம்பெனி சாஃப்ட்பாக்ஸையும் (வெளிச்சத்தை மெத்தென்று பரப்பும் துணிக்கூடு) இதில் மாட்டலாம்.

ஃபேன் சத்தம்தான் இதன்மேல் எல்லோரும் சொல்லும் குறை. பேட்டி எடுப்பவர்களுக்கு அது நிஜமான தொல்லை. பாட்டுக்கு அப்படியில்லை. ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டு வாயசைப்பை மட்டும் பிடிக்கிறோம். அந்த இடத்துச் சத்தம் எதுவும் கடைசியில் மிஞ்சாது.

வெளிச்சக் கணக்குக்கு வருவோம். கூட வரும் ரிஃப்ளெக்டரோடு 1 மீட்டரில் சுமார் 4100 லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு). தூரம் இரட்டித்தால் கால்வாசிதான் மிஞ்சும்: 2 மீட்டரில் ஆயிரம் சொச்சம், 3 மீட்டரில் 450. சாஃப்ட்பாக்ஸ் போட்டால் இன்னும் நிறையக் குறையும். கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800, எஃப் (லென்ஸ் துவாரம்) 2.8, ஷட்டர் 1/50 விநாடி வைத்தால் முகத்துக்கு 120 லக்ஸ் போதும் என்பதால், குளோசப்புக்கும் இடுப்பளவு ஷாட்டுக்கும் தாராளம். உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ். உவரிக் கடற்கரையில் நண்பகலில் வைத்தால் எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. அங்கே வெயிலை முகத்துக்குத் திருப்பிவிட வெள்ளைத் தெர்மாகோல் அட்டைதான் உதவும்.

இது அழகு காட்டுவது பொழுது சாய்ந்தபின் கிடைக்கும் இருபது நிமிடத்தில். குறுக்குத்துறைப் படித்துறையில் பாடுபவரை ஆற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தி, விளக்கில் முழு சிடிஓ (வெளிச்சத்தைப் பொன்னிறமாக்கும்) ஆரஞ்சுத் தாளை ஒட்டி, அவருக்குப் பின்பக்கம் சாய்வாக, தலைக்கு மேல் உயரத்தில், 2 மீட்டர் தள்ளி வையுங்கள். தாள் பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும், பரவாயில்லை. கேமராவின் ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன்) 4500 கெல்வினில் பூட்டிவிட்டால் தோளில் பொன்கோடும் தாமிரபரணியில் நீலமும் சேர்ந்தே நிற்கும். ஆட்டோவில் விட்டால் ஷாட் நடுவே நிறம் மாறும்.

நம் முகங்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கறுத்த முகத்துக்கு நேரே விளக்கை அடித்து வெளுக்க வைப்பது பெரிய தப்பு. கறுப்பின் அழகு மினுமினுப்பில் இருக்கிறது. அதற்குப் பெரிய, மெத்தென்ற வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும்: 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ், ஒன்றரை மீட்டர் தூரம். சாஃப்ட்பாக்ஸ் இல்லாவிட்டால் நாலு முழ வேட்டியை ஒற்றையாக விரித்துக் கட்டி அதன் வழியே அடிக்கலாம். ஜீப்ராவை (வெளிச்சம் மிஞ்சும் இடத்தைக் கோடு போட்டுக் காட்டும் கேமரா வசதி) 95 சதவீதத்தில் வைத்து, பாடுபவர் கட்டியிருக்கும் வெள்ளை வேட்டி வெளிறாமல் எக்ஸ்போஷரைப் பிடியுங்கள். முகம் அதே அளவில் 45 வாக்கில் இருந்தால் சரி. 70-க்கு ஏற்றினால் வேட்டியில் மடிப்பே தெரியாது.

ஸ்லோமோஷனில் வாய் பொருந்த வேண்டுமானால் பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, விநாடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து, 25-ல் ஓட்டுங்கள். ஷட்டர் 1/100 ஆவதால் இரண்டு மடங்கு வெளிச்சம் தேவை. பாடுபவர் அந்த வேகத்தில் முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான நேரம் வீணாகிறது. 100 ஃபிரேமுக்குப் போனால் ஷட்டர் 1/200. அப்போது பின்னணியில் சோக் வைத்த டியூப்லைட் இருக்கக் கூடாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது விநாடிக்கு 100 முறை துடிக்கும், படமும் துடிக்கும்.

பத்துப் பேர் வரிசையாக ஆடும் வைடு ஷாட்டுக்கு இது போதாது. பக்கத்தில் நிற்பவர் 2 மீட்டரிலும் கடைசி ஆள் 6 மீட்டரிலும் நின்றால் வெளிச்ச வித்தியாசம் 9 மடங்கு. அதற்கு 200 வாட்டை வாடகைக்கு எடுப்பதே மேல்.

பணகுடிக் காற்றாலைகளுக்கு நடுவே எடுப்பவர்கள் ஆனி, ஆடியில் சாஃப்ட்பாக்ஸைக் கழற்றிவிடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் அது பாய்மரமாகிவிடும். வெறும் விளக்குக்கும் ஸ்டாண்டு காலில் 10 கிலோ மணல்மூட்டை கட்டாயம்.

கரண்ட் இல்லாத இடத்தில் பியூர் சைன் வேவ் (வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை தரும்) இன்வெர்ட்டர் வழியாகக் கார் பேட்டரியில் ஓட்டலாம். 12 வோல்ட்டில் 7 ஆம்பியர் வரை இழுக்கும். 40 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி என்றால் இரண்டரை மணி நேரத்தோடு நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் போனால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.