மணலா, மரத்தடியா, வண்டியா? கடற்கரையில் இரண்டு இரவு தங்க எது தோது?

கடற்கரை ஊருக்கு டென்ட் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் கண்ணை வைத்தே இடம் பிடிக்கிறார்கள். அலை எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்ல இடம். ஆனால் பகலில் யார் டென்டுக்குள் இருக்கப் போகிறார்கள்? படுக்கிற நேரத்தில் கடல் கண்ணுக்கே தெரியாது. காற்றும் ஈரமும் தரையும்தான் தெரியும். அதனால் மூன்று இடங்களையும் இரவுக் கணக்கில் பார்ப்போம்.

முதலில் மணல். டென்டோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் உலர்ந்த மணலில் நிற்கவே நிற்காது, இரண்டு விரலால் இழுத்தாலே கையோடு வந்துவிடும். அகலமான, நீளமான மணல் முளை வேண்டும். இல்லாவிட்டால் சிறு பைகளில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து மிதித்துவிட வேண்டும். இப்படிச் செய்தால் நன்றாகவே பிடிக்கும். ஆனால் நான்கு மூலைக்கும் பக்கக் கயிறுகளுக்கும் இதையே செய்து முடிப்பதற்குள் சூரியன் மறைந்துவிடும்!

அடுத்தது கடல் ஏற்றம். பெரும்பாலான கரைகளில் ஏறக்குறைய 12 மணி நேரம் 25 நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர் ஏறும். மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். மாலையில் தண்ணீர் எங்கோ தூரத்தில் கிடக்கிறதே என்று டென்ட் போட்டால், நடுச்சாமத்தில் அது வாசலுக்கு வரலாம். காய்ந்த கடற்பாசியும் குச்சிகளும் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்குமே, அதற்கு நன்றாக மேலே போக வேண்டும். அமாவாசை, பவுர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் மேலே. அதற்காகப் புல் முளைத்த மணல்மேட்டில் ஏறிவிடவும் கூடாது. அந்த வேர்கள்தான் மேட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன. பல இடங்களில் அங்கே டென்ட் போடத் தடையும் உண்டு. கடைசியில் மிஞ்சுவது ஒரு குறுகலான பட்டைதான். ஆமைகள் முட்டையிடும் கரை என்றால் இரவில் விளக்கும் போடக் கூடாது. வெளிச்சத்தைப் பார்த்துக் குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு நிலத்துப் பக்கம் ஊர்ந்துவிடும்.

மணலுக்கு ஒரு பெரிய பிளஸ் உண்டு: காற்று வீசிக்கொண்டிருக்கும் வரை கொசு அண்டாது. பகலில் கடலிலிருந்து வீசும் காற்று இரவில் பெரும்பாலும் நிலத்திலிருந்து திரும்பி வீசும். அதனால் கடலைப் பார்த்த வாசல் ராத்திரிக்கும் வசதிதான். விடிந்த பிறகுதான் சோதனை. நிழலே இல்லாததால் வெயில் ஏறியதும் டென்ட் அடுப்பாகிவிடும்.

கரைக்குப் பின்னால், மரங்களுக்கு நடுவே இருக்கும் முகாம் மைதானத்தில் இந்தத் தொல்லைகளில் பாதி கிடையாது. மண் இறுகலாக இருக்கும், சாதாரண முளையே போதும். காற்றை மரங்கள் உடைத்துவிடும். திறந்த வானத்தடியில் டென்ட் துணி சீக்கிரம் குளிர்ந்து பனி இறங்குவதுபோல் மரத்தடியில் இறங்காது. பெரும்பாலும் குழாயும் பக்கத்திலேயே இருக்கும்; கால் மணலைக் கழுவுவதோடு ஜிப்பில் ஏறிய உப்பையும் நல்ல தண்ணீரில் அலசிவிடலாம். குறை என்றால் கொசுவும் பக்கத்து டென்ட் பேச்சும்தான். டென்டை விரிக்கும் முன் ஒரு தடவை மேலே பாருங்கள்: பட்டுப்போன கிளைக்கு நேர் கீழே போடக் கூடாது. பள்ளமும் ஆகாது, மழை வந்தால் தண்ணீர் அங்கேதான் தேங்கும்.

வண்டிக்குள் படுப்பது ஒருவர், இருவருக்குச் சரிப்பட்டு வரும். மழை, பலத்த காற்று, இருட்டிய பிறகு வந்து சேருவது, இந்த மூன்றிலும் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் கண்ணாடியை முழுக்க மூடினால் மூச்சுக்காற்றின் ஈரம் உள்ளேயே வழியும், திறந்தால் கொசு வரும். ஜன்னலுக்கு வலை வைத்திருந்தால் பிழைத்தோம். அடுப்பை மட்டும் உள்ளே பற்றவைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வண்டியை நிறுத்துமிடத்தில் இரவு தங்க அனுமதி உண்டா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் ஓட்டு மரத்தடிக்கு. கடல் நடந்து போகிற தூரத்தில் இருந்தால் போதும். குழந்தைகளோடு போனால் இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம். இரவில் போய்ச் சேருகிறவர்கள் அன்று வண்டியிலேயே படுத்துவிட்டு, காலை வெளிச்சத்தில் இடம் பார்த்து டென்ட் போடலாம். ஒரே ஒரு இரவு, காற்று அடங்கிய வானிலை, அனுமதியும் இருக்கிறது என்றால் மணலுக்குப் போகலாம். அப்போது மணல் நிரப்பக் காலிப் பைகளையும் ஒரு சின்ன மண்வெட்டியையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.