புது பாடிக்குள் பழைய டீசல்: எஞ்சினைப் பார்க்கும் முன் பம்பைப் பாருங்கள்

சாவியைத் திருப்பி வெளியே எடுத்துவிட்டேன். சாவி கையில் இருக்கிறது, எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்டரி ஒயரைக் கழற்றியும் பார்த்தாயிற்று, அதற்கு ஒரு கவலையும் இல்லை. கடைசியில் நாலாவது கியரைப் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டேன். ஒரு உலுக்கலோடு நின்றது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பம்பு முழுக்க மெக்கானிக்கலாக இருக்கும் எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அதற்கு மின்சாரமே தேவையில்லை. நிறுத்துவதற்கென்று தனியாக ஓர் ஏற்பாடு வேண்டும். நான் அதை இணைக்க மறந்திருந்தேன்.

புது காரில் பழைய டீசல் எஞ்சினை ஏற்ற நினைப்பவர்கள் முதலில் குதிரைத்திறனைத்தான் ஒப்பிடுகிறார்கள். நான் எஞ்சினின் டீசல் பம்பிலிருந்து தொடங்கச் சொல்வேன். பழைய எஞ்சினின் பம்பு யார் பேச்சையும் கேட்காது. புது பாடியிலோ ஏபிஎஸ், ஏசி, மீட்டர், எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் எல்லாம் கேன் பஸ் (காரின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் ஒயர் இணைப்பு) வழியாக எஞ்சின் ஈசியூ (எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர்) சொல்லும் சேதிக்காகக் காத்திருக்கும். எஞ்சின் ஓடுகிறது என்ற சேதி வராவிட்டால் பல கார்களில் ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிடும். இந்த இடைவெளியை எப்படி அடைப்பது என்பதில்தான் எஞ்சினுக்கு எஞ்சின் வித்தியாசம்.

மெர்சிடிஸின் ஓஎம் 617 பிடிவாதமான பெரியவர் ரகம். 5 சிலிண்டர், 3 லிட்டர், இரும்பு பிளாக், இரும்பு ஹெட், டைமிங் செயின். டர்போ வகையில் ஏறக்குறைய 125 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர். இன்ஜெக்டர் திறக்கும் அழுத்தம் சுமார் 135 பார்தான். 1990-களின் கடைசியில் வந்த முதல் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக்குழாயில் உயர் அழுத்த டீசல் வரும் வகை) கார்களே 1,350 பாரைத் தொட்டுவிட்டன. குறைந்த அழுத்தம் என்பதால் சுமாரான டீசலையும் சகித்துக்கொள்ளும். ஆனால் வால்வ் இடைவெளியை அவ்வப்போது கையால் சரிசெய்ய வேண்டும், சத்தமும் உண்டு. ஒயரிங் குறைவான பாடிக்கு இதைவிட நிம்மதியான எஞ்சின் இல்லை. கேன் பஸ் உள்ள பாடியில் போட்டால் டேஷ்போர்டு முழுக்க விளக்குதான்.

அதே மெர்சிடிஸ் வரிசையில் பின்னால் வந்தது ஓஎம் 606. 6 சிலிண்டர், 24 வால்வ், டர்போவோடு 177 குதிரைத்திறன், 330 நியூட்டன் மீட்டர். இழுவைக்கு இழுவை, ஓட்டத்தில் வழவழப்பும் உண்டு. இதன் பம்பை எலெக்ட்ரானிக்ஸ் கட்டுப்படுத்துவதால், மாற்றுபவர்கள் அதைக் கழற்றிவிட்டு முந்தைய ஓஎம் 603-இன் மெக்கானிக்கல் பம்பை ஏற்றுகிறார்கள். வாங்குமுன் இரண்டு இடங்களைப் பாருங்கள். பம்பைச் சுற்றி, உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டீசல் குழாய்கள் இருக்கும். அவற்றின் ஓரிங் காய்ந்து போனால் காற்றை உறிஞ்சும். எஞ்சின் ஓடும்போது டார்ச் அடித்துப் பார்த்தால் குமிழி வரிசையாக ஓடுவது கண்ணுக்கே தெரியும். இரண்டாவது, ஸ்டார்ட் செய்யும்போது சூடேற்றும் ஹீட்டர் பிளக். ஹெட்டோடு இறுகிப்போய், கழற்றும்போது உள்ளேயே முறிந்துவிடும். துளைபோட்டு எடுக்க வேண்டியதுதான். நீளமான எஞ்சின் வேறு. பின்சக்கர இழுவை உள்ள, பானட் நீண்ட பாடிக்கே இது சரிப்படும்.

குறுக்காக எஞ்சின் வைக்கும் சின்ன காருக்கு என் ஓட்டு ஃபோக்ஸ்வாகன் 1.9 டிடிஐக்கு. 90 குதிரைத்திறன் வகையிலேயே 210 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். டீசல் நேரடியாகச் சிலிண்டருக்குள்ளேயே பாய்வதால், முதலில் ஒரு சின்ன முன்னறையில் எரிக்கும் மெர்சிடிஸ் எஞ்சின்களைப் போல வெப்பத்தை வீணாக்காது, மைலேஜில் அது தெரியும். எலெக்ட்ரானிக்ஸ் கட்டுப்படுத்தும் விஇ பம்பு (எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிடும் ஒரே பம்பு) உள்ள வகையில் உங்களுக்கு இரண்டு வழி: ஈசியூவையும் ஒயரிங்கையும் சேர்த்தே எடுத்து, சரியான சாவி இல்லாவிட்டால் எஞ்சினை ஓடவிடாத இம்மொபிலைசரை நீக்கி ஓட்டலாம், அல்லது மெக்கானிக்கல் விஇ பம்பைப் போடலாம். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். ஆர்பிஎம், வெப்பநிலை எல்லாம் ஈசியூவுக்குள் ஏற்கெனவே எண்ணாக இருக்கிறது. சின்ன கன்ட்ரோலர் ஒன்றை நடுவில் வைத்து அதைப் புது பாடிக்குப் புரியும் கேன் சேதியாக மாற்றிக்கொடுப்பது சுலபம். மெக்கானிக்கல் பம்பு என்றால் ஆர்பிஎம்முக்குக்கூட ஆல்டர்னேட்டரின் சுழற்சியைச் சொல்லும் டபிள்யூ முனையைத்தான் நம்ப வேண்டும். சிலிண்டருக்கு ஒரு பம்பாக வந்த பிந்தைய வகையை இந்த வேலைக்குத் தொடாதீர்கள், ஈசியூ இல்லாமல் அது ஓடவே ஓடாது. டைமிங் பெல்ட்டை மட்டும் ஏற்றும் முன்பே மாற்றிவிடுங்கள். அறுந்தால் வால்வ் பிஸ்டனில் மோதும்.

கம்மின்ஸ் 4பிடி? 3.9 லிட்டர், கிட்டத்தட்ட 340 கிலோ. காருக்கு வேண்டாம். பல்லை ஆட்டும் அதிர்வு, அதோடு 3,000 ஆர்பிஎம்முக்குள் மூச்சு முட்டிவிடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் 3,000 சுற்றும் பெட்ரோல் கியர்பாக்ஸை அப்படியே விட்டால் அதற்கு மேல் கார் போகாது. பிக்கப், ஜீப் என்றால் கதை வேறு.

இன்னொரு போட்டியாளரை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை: காரில் ஏற்கெனவே இருக்கும் காமன் ரெயில் எஞ்சின். இன்ஜெக்டர் விலையைக் கேட்டு மிரண்டுதான் பலர் பழைய எஞ்சின் பக்கம் போகிறார்கள். அடாப்டர் பிளேட், மவுண்ட், சைலன்சர் குழாய், ரேடியேட்டர், ஒயரிங் என்று கூட்டினால் நான்கு இன்ஜெக்டர் மலிவாகத் தெரியும். சட்டமும் ஒரு காரணம். பாடியைவிடப் பழைய புகை விதிக்குக் கட்டிய எஞ்சினைப் பல நாடுகள் ஏற்பதில்லை. சாலையில் ஓட்டும் வண்டி என்றால் பதிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

பெட்ரோல் பாடி என்றால் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. டீசலில் உறிஞ்சு குழாயில் வெற்றிடம் உருவாகாது, அதனால் வெற்றிடத்தைக் கொண்டு பிரேக்கை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேக்வம் பம்பு கட்டாயம். மெர்சிடிஸ் இரண்டிலும் டிடிஐயிலும் எஞ்சினோடேயே வரும். வாங்கப் போகும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள், கையில் டேப்பும் கொண்டுபோங்கள். எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் சம்பின் பள்ளம் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று அளந்து, உங்கள் பாடியின் கிராஸ்மெம்பர் (குறுக்குச் சட்டம்) எங்கே வருகிறது என்பதோடு ஒத்துப்பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.