ஆன்லைன் தெரபியில் 14 மாதம்: எத்தனை மில்லி என்று கேட்டவர்

கல்லூரி நண்பன் போன வாரம் போன் செய்தான். "நீ போற அந்த ஆன்லைன் கவுன்சலிங் இப்போ ஆஃபர்ல வந்திருக்கு மாப்ள, ஆறு மாசத்துக்குப் போட்டுடட்டுமா?" என்றான். போனில் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அவனிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வாரம் ஒரு வீடியோ கால், இடையில் சாட் என்பதெல்லாம் இதைத் தேடிப் படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். அதற்குள் போகவில்லை.

மனச்சோர்வு, பதற்றம் இரண்டுக்கும் சேர்த்துத்தான் போனேன். சேரும்போது வந்த படிவத்தில் மதுப்பழக்கம் பற்றி ஒரே ஒரு வரி: இல்லை, எப்போதாவது, அடிக்கடி. வாரத்தில் நாலு நாள் ஒரு குவார்ட்டர் அடித்துக்கொண்டிருந்த நான் 'எப்போதாவது' என்பதைத் தொட்டேன். அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்தக் கேள்வி திரும்ப வரவே இல்லை.

வாரா வாரம் மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9, பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 என்ற இரண்டு படிவங்களையும் நிரப்பச் சொல்வார்கள். மொத்தம் 16 கேள்விகள். தூக்கம், பசி, கவனம், செத்துப்போகலாம் என்ற எண்ணம் வரைக்கும் கேட்பார்கள். குடி மட்டும் அதில் கிடையாது. பிஎச்கியூவில் எண் கூடினால் சோர்வு அதிகம். 27க்கு 16 என்று ஆரம்பித்தவன், எட்டாவது மாதத்தில் 15. முதல் தெரபிஸ்ட் நல்ல மனிதர், பொறுமையாகப் பேசுவார். எண்ணங்களை எழுதச் சொன்னார், எழுதினேன். மூச்சுப் பயிற்சி கொடுத்தார், செய்தேன். ஆனால் என் கால் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு. ஏழரைக்கு ஒரு கட்டிங் போட்டுவிட்டுத்தான் உட்காருவேன், இல்லாவிட்டால் வாயே திறக்காது. மீதி எவர்சில்வர் டம்ளரில் லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். கேமராவில் நெஞ்சுக்கு மேலேதான் தெரியும். நேரில் போயிருந்தால் உள்ளே நுழைந்ததுமே வாடை காட்டிக்கொடுத்திருக்கும். திரையில் வாடை வராது. அப்படிப்பட்ட இடத்தில் வாய்விட்டுக் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

அவர் அங்கிருந்து விலகியதும் வேறொரு மேடத்தை ஒதுக்கினார்கள். இரண்டாவது காலிலேயே கேட்டார். "சார், இன்னைக்குப் பேச உட்கார்றதுக்கு முன்னாடி குடிச்சீங்களா?" சாப்பிட்டீங்களா என்று விசாரிக்கிற அதே குரல். ஆமாம் என்றேன். "எத்தனை மில்லி?" அந்தக் கேள்விக்கு நான் அழுதுவிட்டேன். வெட்கத்தால் இல்லை. கேட்க ஒருவர் வந்துவிட்டார் என்ற நிம்மதி அது.

அன்றைக்கே, குடிப்பழக்கம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் படிவத்தை வாசித்துக் காட்டிக் கேட்டார். பத்துக் கேள்விகள், மொத்தம் 40. எட்டு வந்தாலே கவனிக்க வேண்டிய நிலை. எனக்கு 17. 30 மில்லி பிராந்தியில் ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹால், அதுதான் ஒரு அளவு. ஒரு குவார்ட்டரில் ஆறு அளவு, வாரத்துக்கு 24. அளவாகத்தான் குடிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தவன், அளவு என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

உடனே நிறுத்துங்கள் என்று அவர் சொல்லவில்லை. முதலில் ஒரு மனநல மருத்துவரை நேரில் பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொன்னார். அப்புறம் ஒரு நோட்டு. குடித்த நேரம், மில்லி, குடிப்பதற்கு முன் மனசு எப்படி இருந்தது, மறுநாள் காலைப் பதற்றம் பத்துக்கு எத்தனை, இவ்வளவுதான். மூன்றாவது வாரம் நோட்டைப் புரட்டியபோது பிடிபட்டது. குடித்த ராத்திரிகளில் மட்டும் மூன்றரை மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்து விழிப்பு வந்திருக்கிறது. மது மூளையை அமுக்குகிறது, மூளை அதை எதிர்த்துத் தன்னை முடுக்கிக்கொள்கிறது. போதை இறங்கியதும் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சி நிற்கிறது என்று மேடம் விளக்கினார். நான் அதைப் பதற்ற நோய் என்று எடுத்துக்கொண்டு, அடங்கட்டும் என்று மறுநாளும் குடித்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதம் மூச்சுப் பயிற்சி செய்தது இதற்குத்தான்.

குடியை நிறுத்தி இப்போது நாலு மாதம் ஆகிறது. நடுவில் ஒரு கல்யாண வீட்டில் சறுக்கினேன், அதையும் மில்லி கணக்கோடு நோட்டில் எழுதினேன். பிஎச்கியூ 7க்கு வந்திருக்கிறது. டம்ளரில் இப்போது சுக்குக் காபி.

ஆனால் இன்றைக்கும் அந்த வாராந்திரப் படிவத்தில் குடியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. மூன்று முறை எழுதிக் கேட்டுவிட்டேன், மூன்று முறையும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்ற ஒற்றை வரி. ஆடிட் படிவத்தின் முதல் மூன்று கேள்விகளைச் சேர்த்தாலே போதும், ஒரு நிமிடம் கூட ஆகாது. எனக்கு மேடம் கிடைத்தார். கிடைக்காதவர்கள் எத்தனை பேர் 'எப்போதாவது' என்று தொட்டுவிட்டு டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறார்களோ. அதை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுக்கிறேன். நேற்று இன்னும் ஆறு மாதத்துக்குப் பணமும் கட்டியிருக்கிறேன், மேடத்துக்காக.

மாப்ள, நீ அந்த ஆஃபரை எடுக்காதே. தினமும் ஆஃப் பாட்டில் போகிறது, காலையில் ஷேவ் பண்ணும்போது கை நடுங்குது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாயே, அதை வீடியோ காலில் சமாளிக்க முடியாது. அந்த அளவுக்குக் குடிக்கிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் வைத்து, மருந்து கொடுத்துத்தான் இறக்குவார்கள். கவுன்சலிங் அதற்கு அப்புறம். ராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ், 14416. காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் ஊருக்கு வந்துவிடுகிறேன். திங்கள் காலை சேர்ந்தே ஓபிக்குப் போய் சீட்டு போட்டுவிடலாம். அதுவரைக்கும் நீயாக நிறுத்திப் பார்க்காதே.