தொலைபேசி லைனுக்கு ‘சர்ஜ் புரொடெக்டர்’ வாங்கப்போகிறவர்களுக்கு: நான் ஏமாந்த விவரம்

தென்காசி வட்டாரத்தில் சிறிய தட்டச்சு, ஜெராக்ஸ் கடை நடத்திவருகிறேன். கடைக்கு இணைய இணைப்பு இன்றும் பழைய செம்புக்கம்பித் தொலைபேசி லைன் வழியாகத்தான் வருகிறது. தெருக்கோடிக் கம்பத்திலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர் டிராப் வயர் (கம்பத்திலிருந்து கடைக்கு வரும் தொலைபேசிக் கம்பி) காற்றில் தொங்கிக்கொண்டு வந்து, சன்னலுக்கு அருகே உள்ள ரோசெட் என்னும் சிறு இணைப்புப் பெட்டியில் முடிகிறது. சித்திரை மாதத்துக் கோடை இடி ஒன்றில் மோடமும், கம்ப்யூட்டரின் லேன் போர்ட்டும் ஒரே நொடியில் போயின. அதன்பிறகு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

மோடத்தை மாற்ற வந்த தனியார் டெக்னீஷியன், “அண்ணாச்சி, லைனுக்குப் புரொடெக்டர் போடாம விட்டா அடுத்த மழைக்கும் இதே கதைதான்” என்று சொல்லி, தான் வேலை பார்க்கும் கடையிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். விலை 1,650 ரூபாய். அட்டையில் மின்னலுக்கும் மிகைமின்னோட்டத்துக்கும் முழுப் பாதுகாப்பு என்று அச்சிட்டிருந்தது. ஓராண்டு உத்தரவாதம் என்று பில்லின் பின்புறத்தில் கையால் எழுதிக்கொடுத்தார்கள். பெட்டியில் எர்த் கம்பி எதுவும் இல்லையே என்று கேட்டதற்கு, இது புது மாடல், எர்த் தேவையில்லை என்றார். அந்தப் பதிலை நம்பியதற்கு நான் கொடுத்த விலை பெரிது. எர்த் தேவையில்லாத மின்னல் பாதுகாப்பு என்று எவரேனும் சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அதிகாலை, பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை ஒடிந்து, அவர்களுடைய மின்சார சர்வீஸ் வயரை இழுத்துக்கொண்டு என் டிராப் வயரின்மேல் விழுந்தது. உறை கிழிந்திருந்த இடத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டன. கடை திறக்க வந்தபோது கருகிய பிளாஸ்டிக் நாற்றம் வாசலிலேயே அடித்தது. புரொடெக்டர் பெட்டி உருகி மேசைமேல் ஒட்டியிருந்தது. அதன் கீழே இருந்த காகிதக் கட்டின் ஓரம் பழுப்பேறியிருந்தது. மோடத்தின் லைன் நுழையும் பகுதி கருகியிருந்தது. காகிதம் நிறைந்த கடையில் இது எங்கே போய் முடிந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

விற்ற கடையில் பொருளை மாற்றித்தர மறுத்தார்கள். மின்கம்பி விழுந்ததெல்லாம் இயற்கைச் சேதம், உத்தரவாதத்தில் வராது என்றார்கள். எதிலிருந்து காப்பாற்றும் என்று சொல்லி விற்றார்களோ, அது நேர்ந்ததையே காரணமாகக் காட்டிப் பணத்தைத் திருப்பித் தராததுதான் எனக்கு மிகவும் வலித்தது.

அன்று மாலை, எலக்ட்ரானிக்ஸ் படித்த என் தங்கை மகனை உடன் வைத்துக்கொண்டு, முழுவதையும் வீடியோ எடுத்தபடியே பெட்டியைத் திறந்தோம். உள்ளே வரும் இரண்டு கம்பிகளும் வெளியே போகும் சாக்கெட்டோடு நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு வேரிஸ்டர் (அழுத்தம் மிகும்போது மட்டும் மின்சாரத்தைக் கடத்தும் பாகம்) இருந்தது, அதுவும் கரிக்கட்டையாகிவிட்டிருந்தது. முகப்பில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு, பெட்டியின் மின்சார இணைப்போடு ஒரு ரெசிஸ்டர் வழியாக இணைக்கப்பட்டிருந்ததே தவிர, பாதுகாப்புப் பகுதியோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. கரண்ட் இருக்கும்வரை அந்த விளக்கு எரியும். அதற்குமேல் அது எதையும் சொல்லாது.

இந்த அமைப்பு ஏன் ஏமாற்று என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தொலைபேசி லைனில் சாதாரணமாக இருப்பது 48 வோல்ட் நேர்மின்சாரம். மணியடிக்கும்போது மட்டும் 75 வோல்ட் அளவில் மாறுமின்சாரம் வரும். ரிசீவரை எடுத்துப் பேசும்போது ஓடும் மின்னோட்டம் பெரும்பாலும் 20 முதல் 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிடும். இதற்குமேல் லைனில் வரும் ஆபத்து இரண்டு வகையானது. மின்னல் அருகில் இறங்கும்போது இரண்டு கம்பிகளின் மின்னழுத்தமும் தரையை ஒப்பிடுகையில் ஒருசேர ஆயிரக்கணக்கான வோல்ட் உயர்ந்து, மைக்ரோ விநாடிகளில் தணிந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்தே உயர்வதால், அவற்றுக்கு நடுவே மட்டும் வைத்த வேரிஸ்டர் அதில் பெரும்பகுதியை உணரவே உணராது. ஒவ்வொரு கம்பியிலிருந்தும் எர்த்துக்கு ஒரு வாயுக்குழாய் (அழுத்தம் மிகும்போது உள்ளிருக்கும் வாயு வழியாக மின்சாரத்தைக் கடத்தும் சிறு குழாய்) இருந்தால்தான் அந்த மின்சாரம் தரையில் இறங்கும். இல்லையென்றால் அது மோடத்துக்குள் புகுந்து, லேன் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டர் பிளக்கின் மூன்றாம் பின்னை, அதாவது எர்த் பின்னை, தேடிக்கொண்டு போகும். சித்திரையில் என் லேன் போர்ட் போனதும் அந்த வழியில்தான்.

மின்சாரக் கம்பி தொடுவது வேறு வகை ஆபத்து. அதில் அழுத்தம் 230 வோல்ட்தான் என்றாலும், அது மைக்ரோ விநாடிகளில் போகாது; யாராவது வந்து கம்பியை எடுக்கும்வரை, மணிக்கணக்கில்கூட, அங்கேயே நிற்கும். வேரிஸ்டரும் வாயுக்குழாயும் குறுகிய அலையைத் தாங்கப் பிறந்தவை. நீடித்த மின்னோட்டத்தில் அவையே அடுப்பாக மாறிவிடும். அதனால்தான் அவற்றுக்கு முன்னால், ஒவ்வொரு கம்பியிலும் தொடராக, பி.டி.சி. என்னும் தானே மீளும் ஃபியூஸ் இருக்க வேண்டும். லைனின் வழக்கமான மின்னோட்டத்தை அது சில ஓம் மின்தடையோடு விட்டுவிடும். மின்னோட்டம் சில நூறு மில்லி ஆம்பியராகும்போது சூடேறித் தன் மின்தடையைப் பல மடங்கு உயர்த்திக்கொண்டு, ஓட்டத்தை ஒரு துளியாகக் குறைத்துவிடும். கோளாறு நீங்கி ஆறியதும் பழைய நிலைக்குத் திரும்பும். என் பெட்டியில் வாயுக்குழாயும் இல்லை, பி.டி.சி.யும் இல்லை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வாடிக்கையாளர் பக்கக் கருவிகளுக்கு வகுத்துள்ள கே.21 பரிந்துரையில், மின்னல் அலைச் சோதனையோடு மின்கம்பித் தொடுகைச் சோதனையும் சேர்ந்தே இருக்கிறது. தொலைபேசி நிலையத்தில் எல்லா லைன்களும் வந்து சேரும் எம்.டி.எஃப். சட்டத்தில் ஒவ்வொரு லைனுக்கும் பாதுகாப்பு மாட்யூல் செருகியிருப்பது உண்மை. ஆனால் அது காப்பது நிலையத்து முனையை; நம் வீட்டு முனையை அன்று.

ஆகவே வாங்கும்போது ஒரு சாதாரண மல்டிமீட்டரைக் கொண்டுபோங்கள். எதனோடும் இணைக்காத நிலையில், புரொடெக்டரின் உள்வரும் முனைக்கும் அதற்கு நேரான வெளியேறும் முனைக்கும் இடையே மின்தடையை அளந்தால், பி.டி.சி. இருக்கும் பெட்டி சில ஓம்களைக் காட்டும். மீட்டர் கம்பிகளை ஒன்றோடொன்று தொட்டால் வரும் அளவே வந்தால், உள்ளே இருப்பது வெறும் கம்பி. எர்த் திருகிலிருந்தோ மூன்றாம் பின்னிலிருந்தோ பெட்டிக்குள் உண்மையிலேயே இணைப்பு போகிறதா என்பதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்; மறுத்தால் வாங்காதீர்கள். தொலைபேசிக்கென்று தனியாக எர்த் கம்பி அடித்துத் தருகிறேன் என்பவரையும் ஏற்காதீர்கள். அது வீட்டு மின்சார எர்த்தோடு குட்டையான கம்பியால் இணைந்திருக்காவிட்டால், மின்னலின்போது இரண்டு எர்த்துகளுக்கும் இடையிலேயே பெரும் அழுத்த வேறுபாடு உண்டாகும். நடுவில் மாட்டிக்கொள்வது உங்கள் மோடம்தான்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். வழியில்லாமல் போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். பில்லையும் அட்டைப்பெட்டியையும் தூக்கி எறியாதீர்கள். பழுதான பொருளைத் திறப்பதற்கு முன்பே எல்லாப் பக்கமும் படம் எடுத்து, கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, அதன் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். நான் முதலில் வாய்மொழியாகவே பேசிவிட்டுவந்ததால், அப்படி எவரும் வரவில்லை என்று இப்போது அந்தக் கடையில் சொல்கிறார்கள்.

இப்போது கடையில் பி.டி.சி.யும், இரண்டு கம்பிகளுக்கும் எர்த்துக்கும் சேர்த்த மூன்றுமுனை வாயுக்குழாயும் கொண்ட பெட்டி ஒன்றை, என் தங்கை மகன் திறந்து பார்த்த பிறகே, மெயின் போர்டின் எர்த்தோடு சேர்த்துப் பொருத்தியிருக்கிறோம். டிராப் வயரையும் சர்வீஸ் வயரையும் உரசாதபடி விலக்கிக் கட்டியாயிற்று. வானம் இருட்டிக்கொண்டு வந்தால், இடி தொடங்குவதற்கு முன்பே லைன் கம்பியையும் அடாப்டரையும் கழற்றிவிடுகிறேன். தொடங்கிய பிறகு அவற்றில் கை வைப்பதில்லை.