குன்னூரில் இரண்டு இன்ஜின்: ‘நல்’ பிழையைப் பிடிக்க எந்த வழி?

அக்கா மகள் பிளஸ் டூ முடித்த கையோடு யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில் ஒரு சின்ன கேம் செய்ய ஆரம்பித்தாள். மலை ரயில் கேம். மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, வழியில் தேயிலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஊட்டி போய்ச் சேர வேண்டும். நிஜப் பாதையில் 46 கிலோமீட்டருக்கு 208 வளைவு; அவள் ஒன்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஆனால் நீராவி இன்ஜின் மலை ஏறும்போது பெட்டிகளைப் பின்னால் இருந்துதான் தள்ளும் என்பதை விடவில்லை. குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் மாட்டுவதையும் விடவில்லை. வினை அங்கேதான் வந்தது.

“மாமா, குன்னூர்ல ரெண்டு இன்ஜினும் ஒண்ணு மேல ஒண்ணு நிக்குது!”

கோத்தகிரியில் அன்று நல்ல மழை. கரன்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. லேப்டாப்பில் பாதி சார்ஜ். யூனிட்டி செய்திகளைக் காட்டும் கன்சோலில் ஒரு சிவப்பு வரி: நல் ரெஃபரன்ஸ் எக்ஸெப்ஷன். (தமிழில் எழுதினால் ‘நல்’ என்று என்னவோ மங்களகரமாகத்தான் இருக்கிறது.) நல் (null) என்றால் காலி. முகவரிச் சீட்டு கையில் இருக்கிறது, அதில் ஒன்றும் எழுதவில்லை, ஆனாலும் போய்க் கதவைத் தட்டு என்கிறோம், அதுதான் இந்தப் பிழை. 1965இல் அல்கால் டபிள்யூ என்ற நிரல் மொழிக்காக இந்தக் காலிச் சீட்டைப் புகுத்திய கணினி அறிஞர் டோனி ஹோரே, 2009இல் அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்று சொன்னார்.

பிழை காட்டிய வரியைச் சொல்ல வசதியாகத் தமிழிலேயே எழுதுகிறேன்: டீசல்.கணக்கு.மூட்டை = நீராவி.கணக்கு.மூட்டை. குன்னூர் நிலைய ஸ்கிரிப்ட் (நிலையத்துக்கென்று எழுதிய நிரல்) முதலில் டீசலை உருவாக்குகிறது, பிறகு மூட்டைக் கணக்கை அதற்கு மாற்றுகிறது, கடைசியில் நீராவியை அழிக்கிறது. நடுவில் பிழை வெடித்ததால் கடைசி வேலை நடக்கவே இல்லை. இரண்டு இன்ஜின் நின்ற ரகசியம் அவ்வளவுதான். ஆனால் அந்த வரியில் டீசல், அதன் கணக்கு, நீராவி, அதன் கணக்கு என்று நான்கு இடம் இருக்கிறது. எது காலி? கன்சோல் வரி எண்ணைச் சொல்லும், எது காலி என்று சொல்லாது.

அவள் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். ‘டீசல்.கணக்கு நல் இல்லை என்றால் மட்டும்’ என்று ஒரு இஃப் (நிபந்தனை) போட்டாள். சிவப்பு வரி போயிற்று, டீசல் மாட்டிக்கொண்டது, ரயில் ஊட்டி சேர்ந்தது. இரண்டு நாள் கழித்து அவள் தம்பி விளையாடிவிட்டு, “நான் 23 மூட்டை எடுத்தேன், 6தான் காட்டுது” என்று சண்டைக்கு வந்தான். குன்னூர் வரை எடுத்ததெல்லாம் மலையோடு போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் இப்படித்தான். முன்பு பிழை குன்னூரில் கத்தியது. இப்போது ஊட்டியில் போய் முணுமுணுக்கிறது. நல் செக்கே (காலியா என்று பார்ப்பதே) கூடாது என்று நான் சொல்லவில்லை. எதிரில் ரயில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்கிற மாதிரி, காலியாக இருப்பதே நியாயமான இடங்களில் அது வேண்டும். இருந்தே ஆக வேண்டிய இடத்தில் போட்டால் அது பிழை திருத்தம் ஆகாது.

இந்த வழியைச் சுருக்கமாக எழுத உதவும் கேள்விக்குறிப் புள்ளிக்கு (?.) யூனிட்டியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அழித்த பொருளை இரட்டைச் சமக்குறி (==) போட்டுக் கேட்டால் யூனிட்டி ‘நல்’ என்றே பதில் சொல்லும். கேள்விக்குறிப் புள்ளி அந்தப் பதிலைக் கேட்காமல் உள்ளே நுழைந்துவிடும்.

சரி, இஃபை எடுத்துவிட்டு பிரேக்பாயின்ட், அதாவது ஓடும் நிரலை ஒரு வரியில் நிறுத்தும் குறி, வைத்தோம். எனக்குப் பிடித்த வழி இது. நிலைய ஸ்கிரிப்டில் அந்த வரி எதிரே ஒரு சிவப்புப் புள்ளி. ரயில் குன்னூரைத் தொட்டதும் கேம் அப்படியே உறைந்தது. மவுஸை ஒவ்வொன்றின் மேலும் வைத்தோம். டீசல் இருக்கிறது. நீராவி இருக்கிறது, அதன் கணக்கில் 17. டீசலின் கணக்கு மட்டும் நல். நான்கு சந்தேகம் ஒன்றானது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நீளமான புள்ளிச் சங்கிலியில் எது காலி என்று பார்க்க இதை மிஞ்ச வேறு வழி இல்லை. ஆனால் எட்டு ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில் யூனிட்டி எடிட்டரையும், நிரலை இப்படி நிறுத்திப் பார்க்கும் டீபக்கரையும் ஒன்றாக ஓட்டினால் விசிறி ஊட்டி வண்டி போலவே மூச்சு வாங்கும். இன்னொன்று, பிரேக்பாயின்ட் ஒரு கணத்தைத்தான் காட்டும். கணக்கு காலி என்று தெரிந்தது. ஏன் காலி? டீசல் ஸ்கிரிப்டின் ஸ்டார்ட்டில் (பொருள் வேலையைத் தொடங்கும்போது யூனிட்டி தானாகக் கூப்பிடும் பகுதி) ‘கணக்கு = புதிய கணக்கு’ என்று தெளிவாகவே எழுதியிருக்கிறாள்.

இங்கேதான் எல்லோரும் இளப்பமாகப் பார்க்கும் டீபக்.லாக் (கன்சோலில் ஒரு வரி எழுதவைக்கும் கட்டளை) கை கொடுத்தது. நிலைய ஸ்கிரிப்டில் அந்த வரிக்கு முன்னால் ஒன்று, டீசலின் ஸ்டார்ட்டில் ஒன்று. கன்சோலில் வந்த வரிசை: முதலில் ‘கணக்கை மாற்றப் போகிறேன்’, அப்புறம் சிவப்பு வரி, அதற்குக் கீழே ‘டீசல் ஸ்டார்ட்’. மூன்று வரியில் கதை முடிந்தது. ஒரு பொருளை உருவாக்கியதும் யூனிட்டி அதன் அவேக்கை (ஸ்டார்ட் போல இன்னொரு பகுதி) அந்த இடத்திலேயே ஓட்டிவிடும்; ஸ்டார்ட்டைப் பிறகுதான் கூப்பிடும். நீராவி இன்ஜின் முதலிலிருந்தே காட்சியில் இருந்ததால் அதற்கு ஸ்டார்ட் எப்போதோ முடிந்திருந்தது. டீசலோ பிறந்த அடுத்த வரியிலேயே கணக்குக் கேட்கப்பட்டது.

எது முன்னால், எது பின்னால் என்ற கேள்விக்கு லாக்தான் என் முதல் தேர்வு. லாக்கில் இரண்டாவது மதிப்பாக அந்தப் பொருளையே கொடுத்துவிட்டால், கன்சோலில் அந்த வரியைக் க்ளிக் செய்ததும், காட்சியில் உள்ள பொருள்களின் பட்டியலான ஹையரார்க்கியில் அது மின்னும். ஒரே ஸ்கிரிப்ட் தெரியாமல் இரண்டு இடத்தில் ஒட்டிக்கிடந்தால் உடனே சிக்கும். திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும் (ஃப்ரேம்) ஒரு முறை ஓடும் அப்டேட்டுக்குள் மட்டும் லாக் போடாதீர்கள். ஃப்ரேமுக்கு ஒரு வரி வந்து குவியும், தேடும் வரி அதில் புதைந்துபோகும்.

திருத்தம் ஒரே வரி: கணக்கை உருவாக்குவதை ஸ்டார்ட்டிலிருந்து அவேக்குக்கு மாற்றினாள். தன் சாமான்களை அவேக்கில் அடுக்கு, அடுத்தவரிடம் ஸ்டார்ட்டில் கேள். இந்தப் பழக்கம் இருந்திருந்தால் மற்ற எந்த வழியும் தேவைப்பட்டிருக்காது. முன்தடுப்பில், ஒரு ஸ்கிரிப்டுக்குத் தேவையான துணை உறுப்பைத் தானாகச் சேர்க்கும் ரிக்வயர்காம்போனென்ட்டும் நல்லதுதான், ஆனால் ஸ்கிரிப்டை ஏற்கனவே ஒட்டிவைத்த பொருள்களில் அது தானாக எதையும் சேர்க்காது. யூனிட்டியில் எழுதும் மொழியான சி ஷார்ப்பின் 8ஆம் பதிப்பில் வந்த, ‘இது காலியாக இருக்கலாம்’ என்று முன்கூட்டியே சொல்லும் நல் எச்சரிக்கைகளை இந்த அளவு கேமுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பொருளின் அமைப்புகளைக் காட்டும் இன்ஸ்பெக்டரில் இழுத்துப் போடும் ஃபீல்டுக்கெல்லாம் மஞ்சள் வரி வரும், அவள் ஒரே நாளில் அணைத்துவிடுவாள்.

மறுபடி ஓட்டினோம். குன்னூரில் ஒரே இன்ஜின், கணக்கில் 17. ரயில் வெலிங்டன் பக்கம் போனது, இதற்கு நடுவில் அவள் இன்ஜினைப் பின்தொடர வைத்திருந்த கேமரா மட்டும் குன்னூரிலேயே நின்றுவிட்டது. கன்சோலில் புதிய சிவப்பு வரி: மிஸ்ஸிங் ரெஃபரன்ஸ் எக்ஸெப்ஷன், அழித்துவிட்ட டிரான்ஸ்ஃபார்மை (பொருளின் இடத்தை வைத்திருக்கும் பகுதி) இன்னும் தொடுகிறாய் என்று. நான் பிரேக்பாயின்ட் வைக்கப் போனேன்.

“வேண்டாம் மாமா, அதுவே சொல்லிடுச்சு” என்று கேமரா ஸ்கிரிப்டைத் திறந்தாள்.