எட்டு லட்சமா, ஐந்து லட்சமா, ஒன்பது லட்சமா? தாய்லாந்தில் நெடுநாள் தங்க எந்த விசா

பாங்காக் சீலோம் சாலை மாரியம்மன் கோவிலுக்கு வெள்ளிக்கிழமை மாலையில் போகிறவர்களுக்குத் தெரியும். பிரசாதத்தைக் கையில் வாங்கியதும் நம்மவர்கள் பேசத் தொடங்குவது விசாவைப் பற்றித்தான். 'உங்களுக்கு எது வரை இருக்கிறது?' என்பதுதான் முதல் கேள்வி. ஊரில் 'சாப்பிட்டாயிற்றா?' என்று கேட்பதைப் போல.

ஓய்வு பெற்ற பிறகு இங்கே வந்து சில ஆண்டுகள் இருந்து பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது எப்போதும் விலையைத்தான். எந்த விசா மலிவு? ஆறு ஆண்டுகளாக இங்கே வரிசையில் நிற்பவன் என்ற முறையில், அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை என்பேன். ஒன்பது லட்ச வழி ஒன்றைத் தவிர, மற்றவற்றில் கட்டணம் சிறிய தொகைதான். உங்கள் பணம் எத்தனை மாதம் அசையாமல் கிடக்க வேண்டும், ஆண்டில் எத்தனை தேதிகளை மறக்காமல் இருக்க வேண்டும் என்று கேட்டால்தான் வழிகளுக்குள் உள்ள வித்தியாசம் தெரியவரும்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். விசா என்பது வாசல் வரை வர உதவும் சீட்டு. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதைச் சொல்வது விமான நிலையத்தில் குத்தும் முத்திரையில் உள்ள தேதி. விசா ஐந்தாண்டு செல்லும் என்று நம்பி, முத்திரையில் இருந்த 180 நாளைத் தாண்டிவிட்டவர்களை எனக்குத் தெரியும். தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட் அபராதம், உச்சம் 20,000. தொண்ணூறு நாளைத் தாண்டிவிட்டால், தானாகவே போய்ச் சரணடைந்தாலும் ஓராண்டு நுழையத் தடை. சரணடைவதற்குள் பிடிபட்டால் தடை குறைந்தது ஐந்தாண்டு. 2016 மார்ச் முதல் இதுதான் நடைமுறை.

எட்டு லட்சம்: பழைய வழி

ஐம்பது வயது நிரம்பியவர்கள் பெரும்பாலும் வருவது இந்தப் பாதையில்தான். நான்-இமிகிரன்ட் ஓ வகை விசாவில் வந்து, தாய்லாந்து வங்கியில் உங்கள் ஒருவர் பெயரில் எட்டு லட்சம் பாட் போட்டுவைத்து, ஆண்டுதோறும் ஓராண்டு நீட்டிப்பு வாங்கிக்கொள்வது. ஒவ்வொரு முறையும் கட்டணம் 1,900 பாட். சுற்றுலாப் பயணியாக வந்தவர்கள் இங்கேயே 2,000 பாட் கட்டி இந்த வகைக்கு மாறிக்கொள்ளவும் வழி உண்டு. முதலில் 90 நாள் கிடைக்கும். அது முடிவதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

சிக்கல் எட்டு லட்சம் என்ற எண்ணில் இல்லை, அதன் காலக்கணக்கில் இருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே பணம் கணக்கில் இருக்க வேண்டும். நீட்டிப்பு கிடைத்த பின் மூன்று மாதம் தொடக்கூடாது. அதற்குப் பிறகு நான்கு லட்சம் வரை இறக்கலாம். அடுத்த விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன் மறுபடி எட்டாக ஏற்றிவிட வேண்டும். ஆக, ஆண்டில் ஐந்து மாதம் எட்டு லட்சம் முடக்கம், ஏழு மாதம் நான்கு லட்சம் முடக்கம். சேமிப்புக் கணக்கின் வட்டியோ பெயரளவுக்குத்தான். ஆனால் பணம் உங்களுடையது. ஊருக்குத் திரும்பும் நாளில் எடுத்துக்கொண்டு போகலாம். பின்னால் வரும் ஒன்பது லட்சத்தோடு ஒப்பிடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

விண்ணப்ப நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலை எட்டரைக்கு வங்கி வாசலில் நிற்பேன். கிளை திறந்ததும் கணக்கில் நூறு பாட் போடுவேன். பாஸ்புக்கில் அன்றைய தேதியில் ஒரு வரி விழ வேண்டும் என்பதற்காக மட்டுமே அந்த நூறு. பிறகு இருப்புச் சான்றுக் கடிதம், பன்னிரண்டு மாதக் கணக்கு விவரம். பக்கத்துக் கடையில் பாஸ்போர்ட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொன்றிலும் நீல மையில் கையெழுத்து. வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம் ஒன்று. என்னுடையதில் ஒரு நூடுல்ஸ் கடையும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் அடையாளம். டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் மதியத்துக்குள் முடிந்துவிடும். ஒரு முறை மேசையில் இருந்த அம்மையார் பாஸ்புக்கைப் புரட்டி, அந்த நூறு பாட் வரியில் விரலை வைத்து, நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்திருக்கிறேன் என்று புரிந்தது.

இந்தியாவிலிருந்து இந்தப் பணத்தைக் கொண்டுவருவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு பாட் இரண்டரை ரூபாய்க்கு மேல் போகிறது. எட்டு லட்சம் பாட் என்றால் இருபது லட்சம் ரூபாயைத் தாண்டும். தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம் என்பதால் அனுமதிக்குக் கவலை இல்லை. ஆனால் 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும் பகுதிக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். (அனுப்பும்போதே வசூலிக்கும் வரி) பிடித்துக்கொள்கிறார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கலில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை அந்தப் பணம் கையில் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு பாதி, ஏப்ரல் முதல் வாரத்தில் மறு பாதி என்று அனுப்பினால் பிடித்தம் பெருமளவு குறையும்.

வைப்புத்தொகைக்குப் பதில் மாத வருமானம் காட்டும் வழியும் இருக்கிறது. மாதம் 65,000 பாட். முன்பு பல நாட்டவர்கள் தூதரகத்தில் கடிதம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். 2019 வாக்கில் அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியத் தூதரகங்கள் அந்தக் கடிதத்தை நிறுத்திக்கொண்டன. அதன் பிறகு மாதந்தோறும் வெளிநாட்டிலிருந்து அந்தத் தொகை உண்மையாகவே வங்கிக்கு வந்ததைக் காட்டுவது முக்கியமாகிவிட்டது. ஒரு மாதம் 64,800 வந்தால் போயிற்று. ரூபாயில் ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு நான் இதைச் சொல்வதே இல்லை.

ஊரிலேயே தூதரகம் மூலம் வாங்கும் ஓ-ஏ என்ற தம்பி வகையும் உண்டு. காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று கேட்பார்கள். 2019 அக்டோபர் 31 முதல் உடல்நலக் காப்பீடும் கட்டாயம். வயது ஏற ஏறக் காப்பீட்டுச் சந்தாவும் ஏறும் என்பதால் எழுபதைத் தாண்டியவர்கள் அதைவிட்டு ஓடுகிறார்கள். அதற்கும் ஒரு நல்ல குணம் உண்டு. பலமுறை நுழையும் அந்த விசாவில் ஒவ்வொரு நுழைவுக்கும் ஓராண்டு முத்திரை கிடைக்கும். விசா காலாவதியாவதற்குச் சற்று முன் வெளியே போய்வந்தால், ஏறத்தாழ இரண்டு ஆண்டு கையில்.

ஐந்து லட்சம்: புது வழி

2024 ஜூலையில் வந்தது டி.டி.வி., அதாவது 'டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா'. ஐந்தாண்டு விசா, ஒரு நுழைவுக்கு 180 நாள், கட்டணம் 10,000 பாட் அளவில். இருபது வயது ஆனால் போதும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு இணையத்தில் வேலை செய்பவர்கள், முவே தாய் சண்டைக்கலையோ தாய்லாந்துச் சமையலோ கற்க வருபவர்கள், சிகிச்சைக்கு வருபவர்கள் ஆகியோருக்கானது. ஐந்து லட்சம் பாட் இருப்பதாகக் காட்ட வேண்டும். அது தாய்லாந்து வங்கியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னையில் இருந்தபடி உங்கள் சொந்த வங்கிக் கணக்கைக் காட்டலாம்.

மகனோ மகளோ மடிக்கணினியோடு வேலை செய்பவராக இருந்தால் இதைவிட நல்ல வழி இப்போதைக்கு இல்லை. நாற்பது வயதுக்காரருக்கு எட்டு லட்ச வழியில் இடமே கிடையாது. அவருக்குக் கல்வி விசா, சுற்றுலா விசா என்று ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்த காலம் இதோடு போயிற்று. ஆனால் இதில் இருப்பவர் ஆறு மாதத்துக்கொரு முறை நாட்டைவிட்டு வெளியே போய்வர வேண்டியிருக்கும். ஆண்டுக்கு இரண்டு பயணம் எப்படியும் ஊருக்குப் போகிறவருக்கு அது செலவே அல்ல. முழங்கால் வலியோடு விமானம் ஏற அஞ்சும் அறுபத்தைந்து வயதுக்காரருக்கு அதுவே பெரும் செலவு. போதாததற்கு, இந்த விசாவை வைத்துக்கொண்டு இங்கே வங்கிக் கணக்குத் தொடங்கப் போனால் பல கிளைகளில் கையை விரித்துவிடுவார்கள். உள்ளூர் நிறுவனத்தில் வேலை பார்க்கவும் இதில் அனுமதி இல்லை.

ஒன்பது லட்சமும் அதற்கு மேலும்

2003இல் 'எலீட்' என்ற பெயரில் தொடங்கி 2023இல் 'பிரிவிலேஜ்' என்று பெயர் மாறிய, பணம் கட்டி உறுப்பினராவோருக்கு விசா தரும் திட்டத்தில், ஐந்தாண்டுக்கான கோல்ட் வகை ஒன்பது லட்சம் பாட். இந்தப் பணம் வைப்பு அல்ல, கட்டணம்; திரும்பி வராது. பழைய வழியில் ஐந்தாண்டுக்கு நீட்டிப்புக் கட்டணம் 9,500. பலமுறை போய்வரும் மறுநுழைவு அனுமதிக்கு (அது ஏன் வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்) ஆண்டுக்கு 3,800 வீதம் 19,000. மொத்தம் 28,500 பாட். கோல்ட் உறுப்பினர் நாளொன்றுக்கு 493 பாட் கொடுக்கிறார். எதற்கு? விமான நிலையத்தில் வரிசையில் நிற்காமல் அழைத்துப்போக ஒருவர், வங்கிச் சான்று எதுவும் கேட்காத ஐந்தாண்டு. ஐம்பது வயது ஆகாத, வேலையும் பார்க்காத, கையில் பணம் உள்ளவருக்கு அது பொருந்தலாம். ஐம்பதைத் தாண்டியவர் இதை வாங்கினால் எனக்கு மனம் கேட்பதில்லை.

எல்.டி.ஆர். ('லாங் டெர்ம் ரெசிடென்ட்') என்ற பத்தாண்டு விசா வேறு ரகம். 2022 செப்டம்பரில் தொடங்கியது, முதலீட்டு வாரியம் நடத்துவது, கட்டணம் 50,000 பாட். ஓய்வுபெற்றோர் பிரிவில் ஆண்டுக்கு 80,000 டாலர் வருமானம் கேட்கிறார்கள். அது குறைந்தால் 40,000க்குக் கீழே போகாமல், கூடவே தாய்லாந்தில் இரண்டரை லட்சம் டாலர் முதலீடு. மாதம் ஐந்தரை லட்சம் ரூபாய்க்கு மேல் வாடகையோ ஓய்வூதியமோ வருபவர் நம்மில் எத்தனை பேர்? இருந்தால் யோசிக்காமல் இதை எடுக்கலாம். ஓர் ஆண்டில் 180 நாள் இங்கே தங்குபவர், 2024 முதல் ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் வருமான வரிக்குள் வருகிறார். இந்தப் பிரிவினருக்கு அதிலிருந்து விலக்கு. முகவரி அறிக்கையும் 90 நாளுக்கொரு முறை அல்ல, ஆண்டுக்கு ஒரு முறை.

அந்த 90 நாள் அறிக்கைதான் மற்ற எல்லோருக்கும் உள்ள தலைவலி. டி.எம்.47 படிவம். குறித்த நாளுக்குப் பதினைந்து நாள் முன்பிருந்து ஏழு நாள் பின்பு வரை கொடுக்கலாம், இணையத்திலும் முடியும், தவறினால் 2,000 பாட் அபராதம். நடுவில் வெளிநாடு போய்வந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். டி.டி.வி.காரர்களில் அடிக்கடி பறப்பவர்கள் இந்தப் படிவத்தைக் கண்ணால் பார்க்காமலே காலம் தள்ளுகிறார்கள். டி.எம்.30 வேறு, நீங்கள் அந்த வீட்டில் தங்கியிருக்கிறீர்கள் என்று வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது. சட்டப்படி அவர் வேலை. அவர் செய்யாவிட்டால் நீட்டிப்பு மேசையில் நிற்கப்போவது நீங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே 'டி.எம்.30 போட்டுக் கொடுப்பீர்களா?' என்று கேட்டுவிடுங்கள். தயங்குகிறவர் வீடு வேண்டாம்.

எட்டு லட்ச வழியின் உண்மையான பொறி இதெல்லாம் அல்ல. நீட்டிப்பு வாங்கியவர் மறுநுழைவு அனுமதி வாங்காமல் நாட்டைவிட்டுப் போனால், அந்த நொடியே நீட்டிப்பு செத்துவிடும். ஒரு முறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. கோயம்புத்தூர் நண்பர் ஒருவருக்கு இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி வந்தது, அம்மா போய்விட்டார் என்று. அடுத்த விமானத்தைப் பிடித்துவிட்டார். விமான நிலையத்திலேயே அந்த அனுமதி தரும் மேசை இருக்கிறது. அதைக் கடந்துதான் போயிருக்கிறார். காரியம் முடித்துப் பதினாறாம் நாள் திரும்பியபோது அவருக்குக் கிடைத்தது சுற்றுலாப் பயணி முத்திரை. ஏழு மாதம் மிச்சமிருந்த நீட்டிப்பு போயிற்று. மறுபடி வகை மாற்றம், மறுபடி 90 நாள், மறுபடி நீட்டிப்பு. இந்த இடத்தில் டி.டி.வி.யும் பிரிவிலேஜும் தெளிவாக ஜெயிக்கின்றன. அவை எத்தனை முறை போய்வந்தாலும் சாவதில்லை.

அதனால் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு நான் சொல்வது எட்டு லட்ச வழியைத்தான், ஒரு நிபந்தனையோடு: நீட்டிப்பு வாங்கும் அதே நாளில், அதே அலுவலகத்தில், பலமுறை மறுநுழைவு அனுமதியையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். அந்த 3,800ஐ மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். நீட்டிப்புக்குக் கடைசி நாள் வரை காத்திருக்கவும் தேவை இல்லை. முப்பது நாள் முன்பே விண்ணப்பத்தை வாங்கிக்கொள்கிறார்கள். முன்கூட்டிப் போவதால் ஒரு நாளும் குறையாது, புதிய ஓராண்டு பழைய தேதி முடிந்த பிறகுதான் தொடங்கும்.